ஆறு கிலோமீட்டர் தடிமனில் ஓர் எல்லை

இந்திய நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட வரைபடத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 1961ஆம் ஆண்டின் குற்றவியல் திருத்தச் சட்டத்தில் 1990இல் சேர்க்கப்பட்ட பிரிவு இது. அரசு புகார் கொடுத்தால் மட்டுமே நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளும். ஒரு நாடு தன் எல்லையைத் தவறாகக் காட்டாதே என்று கேட்பதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், அந்தப் பிரிவு எழுதப்பட்ட காலத்தில் வரைபடம் என்றால் ஒரே அளவில் அச்சான காகிதம். இன்றோ அது கைபேசித் திரையில் விரலால் விரிக்கும்போதும் சுருக்கும்போதும் புதிதாக வரையப்படுகிற படம். வடக்கிலிருந்து தெற்குவரை இந்தியாவின் நீளம் 3,214 கிலோமீட்டர். நாடு முழுவதையும் திரையின் உயரத்தில் ஆயிரம் பிக்ஸலுக்குள் அடக்கினால், ஒரு பிக்ஸல் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நிலத்தைக் குறிக்கும். எல்லைக்கோட்டை இரண்டு பிக்ஸல் தடிமனில் போட்டால், அது ஆறு கிலோமீட்டருக்கும் அதிக அகலமுள்ள பட்டையாகிவிடும். அந்தப் பட்டைக்குள் எத்தனையோ ஊர்கள் மறைந்துபோகும். இதில் எந்தப் பிக்ஸல் வரை இந்தியா என்று சட்டம் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதைத் தீர்மானிப்பது நிரல். ஆகவே, தவறான கோட்டைப் போட்டவரைத் தண்டிப்பதில் தில்லி காட்டுகிற அக்கறையில் ஒரு பங்கையாவது, சரியான கோட்டை நிரல் எழுதுபவரின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

கணினி கோடு வரைவது நாம் ஸ்கேல் வைத்து வரைவதைப் போன்றதல்ல. திரையில் இருப்பவை கட்டங்கள் மட்டுமே. இரு முனைகளுக்கு இடையே எந்தெந்தக் கட்டங்களை நிரப்பினால் கண்ணுக்குக் கோடாகத் தெரியும் என்று ஒவ்வோர் அடியிலும் முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை முழு எண்களின் கூட்டல் கழித்தலை மட்டும் வைத்தே எடுக்கும் வழியை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம் 1962இல் கண்டுபிடித்தார்; 1965இல் அது கட்டுரையாக வெளிவந்தது. கல்லூரிகளில் கணினி வரைகலைப் பாடத்தில் இன்றும் அதைத்தான் முதலில் நடத்துகிறார்கள். அதற்கு மேலே ஏறிய முடிவுகள் பல. தடிமன் எவ்வளவு, முனை மழுங்கலா சதுரமா, திருப்பத்தில் இரு துண்டுகளும் எப்படிச் சேர வேண்டும், கோடு தொடர்ச்சியாகப் போக வேண்டுமா விட்டு விட்டுப் போக வேண்டுமா என்று எல்லாவற்றையும் நிரல் எழுதுபவர் சொல்ல வேண்டும், அல்லது மென்பொருளின் விருப்பத்துக்கு விட்டுவிட வேண்டும். தடிமனான கோட்டை வரையும்போது பெரும்பாலான கருவிகள் பாதித் தடிமனை ஒரு பக்கமும் மீதியை மறுபக்கமும் வைக்கும். எல்லையென்றால், அந்தத் தடிமனில் பாதி அண்டை நாட்டு மண்ணில் விழுகிறது என்று பொருள். யாரும் அதற்காகக் கண்டனக் குறிப்பு அனுப்புவதில்லை என்பது நல்லதுதான்.

வரைபடத்தில் தொடர்கோட்டுக்கும் விட்டு விட்டு வரும் கோட்டுக்கும் பொருள் வேறு. முதலாவது தீர்ந்த எல்லை. இரண்டாவது தகராறுள்ள எல்லை. இவ்வளவு கனமான வேறுபாடு நிரலில் எவ்வளவு எளிதாக நழுவுகிறது என்று பார்க்க வேண்டும். ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலை நூலகத்தில் ஒரு காலத்தில் விட்டு விட்டுக் கோடு போடுவதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. பதினாறு பிட் கொண்ட ஓர் எண்ணைக் கொடுத்தால், ஒன்று உள்ள இடத்தில் புள்ளி விழும், சுழியம் உள்ள இடத்தில் விழாது. 2009இல் வந்த பதிப்பின் மையத் தொகுப்பிலிருந்து அந்தக் கட்டளையை நீக்கிவிட்டார்கள். இன்று இணைய வரைபடங்களில் தடித்த கோடு என்பது உண்மையில் முக்கோணங்களால் ஒட்டப்பட்ட ஒரு நாடா. இடைவெளிகளைக் கோட்டின் தொடக்கத்திலிருந்து அளந்த தூரத்தை வைத்து நிரலே கணக்கிடுகிறது. இங்கேதான் வேடிக்கை. இரண்டு நாடுகளையும் தனித்தனி உருவங்களாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் விளிம்பையும் விட்டு விட்டு வரைந்தால், பொது எல்லை இருமுறை வரையப்படும். ஒன்றின் இடைவெளிகளில் மற்றொன்றின் துண்டுகள் வந்து விழுந்தால் தகராறுள்ள எல்லை தீர்ந்த எல்லையாகத் தெரியும். கோப்பின் அளவைக் குறைக்க இரு உருவங்களையும் தனித்தனியாக எளிமைப்படுத்தினால், நடுவே யாருக்கும் சொந்தமில்லாத கீற்று ஒன்று தோன்றும். எழுதியவருக்கு எந்த அரசியலும் இருந்திருக்காது. இரவு பன்னிரண்டு மணிக்குள் வேலையை முடித்துக் கொடுக்கும் அவசரம் மட்டுமே இருந்திருக்கும்.

அளவுத்திட்டம் மாறினால் கோடே மாறுகிறது என்பதற்கு இந்திய அரசே அண்மையில் பெரிய சான்று ஒன்றைத் தந்திருக்கிறது. நம் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்தோம். புதிய கணக்கில் அது 11,098.81 கிலோமீட்டர். கடல் பின்வாங்கியதாலோ நிலம் முளைத்ததாலோ வந்த வளர்ச்சியல்ல இது. முக்கியமான காரணம், பழைய கணக்கு 1:45,00,000 அளவுத்திட்ட வரைபடத்திலிருந்தும் புதிய கணக்கு 1:2,50,000 அளவுத்திட்டத் தரவிலிருந்தும் எடுக்கப்பட்டதுதான். கழிமுகம், சிற்றோடை, உப்பங்கழி என்று முன்பு கோட்டின் தடிமனுக்குள் மூழ்கிக் கிடந்த வளைவுகள் எல்லாம் கணக்கில் ஏறின. தமிழ்நாட்டுக் கடற்கரை 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 ஆகி ஆந்திரத்தை முந்தியது. குஜராத்துடையது ஏறத்தாழ இரண்டு மடங்கானது. கடற்கரை எவ்வளவு நீளம் என்ற கேள்விக்கு அளவுகோலைச் சொல்லாமல் விடை இல்லை என்று கணிதவியலாளர் மாண்டெல்பிராட் 1967இல் பிரிட்டன் கடற்கரையை வைத்து எழுதியது இதைத்தான். திரையில் வரைபடத்தைச் சுருக்கும்போது மென்பொருள் செய்வதும் இதன் மறுபக்கமே. 1973இல் டக்ளஸ், பாய்க்கர் என்ற இருவர் வெளியிட்ட முறை இன்றும் பரவலாகப் புழங்குகிறது: குறிப்பிட்ட தூரத்துக்கும் குறைவாக விலகியிருக்கும் புள்ளிகளைக் கழித்துவிட்டு மீதியை இணைப்பது. அந்தத் தூரத்தை நூறு மீட்டர் என்று வைப்பதா, பத்து கிலோமீட்டர் என்று வைப்பதா? நிரலில் ஓர் எண், அவ்வளவுதான். அதை யார் வைக்கிறார்களோ அவர்களே எல்லையை வரைகிறார்கள்.

பெரும்பாலும் யாரும் வைப்பதில்லை. கையில் முதலில் கிடைக்கிற கோட்டை அப்படியே எடுத்துப் போடுகிறார்கள். என் வாதத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. நேச்சுரல் எர்த் என்ற இலவசத் தரவுத் தொகுப்பு உலக எல்லைகளை மூன்று அளவுத்திட்டங்களில் ஏற்கெனவே எளிமைப்படுத்தி, தயாராக வைத்திருக்கிறது. இணையத்தில் உலக வரைபடம் வரையும் பல கருவிகள் இதையே அடிப்படையாக எடுத்துக்கொள்கின்றன. அதன் பொதுப் பதிப்பு, எந்த நிலம் எந்த நாட்டின் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி எல்லையைக் காட்டுகிறது. ஜம்மு காஷ்மீரின் தலைப்பகுதி நாம் பள்ளியில் பார்த்த வடிவில் அங்கே இருக்காது. இந்தியாவின் பார்வையில் எல்லைகளைக் காட்டும் பதிப்பையும் அதே தொகுப்பு இப்போது தனியாகத் தருகிறது. மேப்பாக்ஸ் போன்ற நிறுவனங்கள் எந்த நாட்டின் பார்வை வேண்டும் என்று நிரலில் குறிப்பிட வழி வைத்திருக்கின்றன. கூகுள் மேப்ஸில் இந்தியாவிலிருந்து பார்ப்பவருக்குத் தொடர்கோடாகத் தெரியும் காஷ்மீர் எல்லை வெளிநாட்டில் இருந்து பார்ப்பவருக்கு விட்டு விட்டு வரும் கோடாகத் தெரிவதை 2020இல் வாஷிங்டன் போஸ்ட் விரிவாக எழுதியது. ஆக, தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. தெரிந்து தேர்ந்தெடுப்பவருக்குத் தேர்வு உண்டு. தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதே தெரியாத சென்னை மாணவரும் நொய்டாவின் சிறு நிறுவனமும் ஒரு வரைபடத்தைப் போடும்போது, அவர்கள் அறியாமலேயே அயல்நாட்டுத் தன்னார்வலர் எவரோ எடுத்த முடிவு இந்திய எல்லையாகிவிடுகிறது. மைக்ரோசாஃப்ட்டில் பணியாற்றிய டாம் எட்வர்ட்ஸ் 2004இல் ஒரு மாநாட்டில் சொன்ன கதை இத்துறையில் புகழ்பெற்றது: விண்டோஸ் 95இன் இந்திய வரைபடத்தில் இருந்த எட்டு லட்சம் பிக்ஸல்களில் எட்டு மட்டும் வேறு பச்சை நிறத்தில் இருந்ததால், நிறுவனம் இங்கே விற்பனைத் தடையைச் சந்திக்க நேர்ந்ததாம்.

தில்லி இதுவரை செய்தவற்றைப் பார்த்தால், கதவைப் பூட்டுவதும் திறப்பதுமாக இருந்திருக்கிறது. 2005இன் தேசிய வரைபடக் கொள்கை, ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று வரைபடங்களைப் பிரித்து, பூட்டைக் கொஞ்சம் தளர்த்தியது. 2016 மே மாதம் உள்துறை அமைச்சகம் வெளியிட்ட புவியியல் தகவல் ஒழுங்குமுறை மசோதாவின் வரைவு நேர்மாறாகப் போனது: தவறான வரைபடத்துக்கு பத்து லட்சம் முதல் நூறு கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு ஆண்டு வரை சிறை. கடும் எதிர்ப்பு கிளம்பி, மசோதா நாடாளுமன்றத்துக்கே வரவில்லை. அடுத்த ஆண்டு, தன் 250ஆவது ஆண்டில், சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்களை இலவசமாக இறக்கிக்கொள்ள 'நக்‌ஷே' என்ற தளத்தைத் திறந்தது. நுழைவதற்கு ஆதார் எண் கேட்டது. பெரிய திருப்பம் 2021 பிப்ரவரி 15 அன்று அறிவியல் தொழில்நுட்பத் துறை வெளியிட்ட வழிகாட்டுதல்கள். வரைபடத் தரவைத் திரட்டவும் பயன்படுத்தவும் இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி பெறத் தேவையில்லை என்று அவை அறிவித்தன. அரசியல் வரைபடம் எந்த அளவுத்திட்டத்தில் இருந்தாலும் சர்வே ஆஃப் இந்தியாவின் வரைபடம் அல்லது அதன் எண்மயமான எல்லைத் தரவே தரநிலை என்றும், அதை எளிதாக, இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்யப்படும் என்றும் அவை சொல்கின்றன. சரியான திசையில் வைத்த அடி இது, பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், ஒரு கோப்பு கிடைப்பது வேறு, மென்பொருளுக்குள் நேரே போய் உட்காரும் கோடு கிடைப்பது வேறு. எந்த அளவுத்திட்டத்திலும் இதுவே தரநிலை என்று சொல்லும் வழிகாட்டுதல், எளிமைப்படுத்தும்போது எவ்வளவு விலகலாம் என்று சொல்வதில்லை. மூலத் தரவை இறக்கியவர் அதைக் கைபேசிக்கு ஏற்றபடி சுருக்கிய அந்த நொடியிலேயே அது சர்வே ஆஃப் இந்தியாவின் கோடு இல்லை, சுருக்கியவரின் கோடு. கிழக்கே மேகாலயத்தில் ஒரு முனை மழுங்கினால், நிக்கோபாரில் சில தீவுகள் கழிந்துபோனால், அது குற்றமா, வெறும் பிக்ஸல் பற்றாக்குறையா? எனவே, துறையே தன் கோட்டைப் பல அளவுத்திட்டங்களில் எளிமைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் விலகலின் வரம்பைக் குறித்து, முத்திரையிட்டு வெளியிட வேண்டும். எந்தத் தீவு எந்த அளவில் புள்ளியாகவாவது இருந்தாக வேண்டும் என்பதையும் அதுவே சொல்ல வேண்டும். நாட்டெல்லை, மாநில எல்லை, மாவட்ட எல்லை ஆகியவை என்ன தடிமனில், என்ன பாணியில் வர வேண்டும் என்ற வரைமுறை அதோடு இணைந்திருக்க வேண்டும். பொது எல்லைகள் ஒரே ஒருமுறை வரையப்படும்படி அவற்றை உருவங்களாக அல்லாமல் பகிர்ந்த கோடுகளாகத் தர வேண்டும். பதிவோ அடையாள எண்ணோ கேட்காமல், ஒரே வரியில் நிரலுக்குள் அழைத்துக்கொள்ளும்படி அது நிலையான முகவரியில் இருக்க வேண்டும். 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த பெரும் முக்கோண அளவையின் வாரிசு இந்தத் துறை. அதற்கு இது முடியாத வேலையல்ல.

எல்லைத் தரவை இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது பாதுகாப்புக்கு ஊறு என்று சிலர் சொல்லக்கூடும். நாடு உரிமை கோரும் எல்லை ரகசியமல்ல. ரகசியமாக இருந்தால் அந்த உரிமைக்கே பொருளில்லை. காக்க வேண்டியவை காவல் சாவடிகள், தளவாடங்கள், துல்லியமான உயர அளவுகள் போன்றவை. 2021 வழிகாட்டுதல்களே இந்தப் பிரிவினையைச் செய்திருக்கின்றன: கிடைமட்டத்தில் ஒரு மீட்டர், செங்குத்தில் மூன்று மீட்டர் என்ற வரம்பை விடத் துல்லியமான தரவைத்தான் அவை இந்திய நிறுவனங்களுக்குள்ளும் இந்திய மண்ணுக்குள்ளும் நிறுத்தி வைக்கின்றன. கைபேசித் திரைக்கான எல்லைக்கோடு அந்த வரம்புக்கு அருகில்கூட வராது.

இன்னொரு எதிர்வாதம் வலுவானது. இந்தியாவில் பெரிதாகப் பேசப்பட்ட தவறுகள் எல்லாம் அறியாமையால் வந்தவை அல்லவே என்று கேட்கலாம். 2011இல் எகனாமிஸ்ட் இதழின் இந்தியப் பிரதிகளில் காஷ்மீர் வரைபடத்தின் மேல் வெள்ளைத் தாள் ஒட்ட வேண்டியிருந்தது. 2015 ஏப்ரலில் அல் ஜசீரா ஐந்து நாள் ஒளிபரப்பை நிறுத்த நேர்ந்தது. 2021இல் ட்விட்டர் தளத்தில் ஜம்மு காஷ்மீரும் லடாக்கும் இந்தியாவுக்கு வெளியே நின்றன. அச்சில் வரைந்த அந்த இதழுக்குச் சொந்தக் கொள்கை இருந்தது. நல்ல தரவு கிடைத்திருந்தாலும் அது மாற்றியிருக்காது. ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்லும் ஏற்பாடு அத்தகையவர்களைத் திருத்தாது. ஆனால், அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். இன்று ஒரு தவறான வரைபடத்தைப் பார்த்தால் அது வேண்டுமென்றே செய்ததா, கருவி தந்ததை அப்படியே போட்டதா என்று சொல்ல வழியில்லை. அதனால் சட்டம் எல்லாரையும் ஒன்றாக மிரட்டுகிறது, நடைமுறையில் அநேகமாக யாரையும் தொடுவதில்லை. அதிகாரபூர்வக் கோடு ஒரு வரி நிரலில் கிடைக்கும் நிலையில் ஒருவர் அதை விட்டு வேறொன்றைப் போட்டால், அது தேர்வு என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியும். தரவைத் திறந்துவிடுவது சட்டத்தை நீர்க்கச் செய்யும் என்று அஞ்சுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். தில்லி ஓக்லாவில் தலைமையகம் கொண்ட மேப்மைஇந்தியா போன்ற வரைபட நிறுவனங்கள் இருக்கும்போது அரசு ஏன் இதில் இறங்க வேண்டும் என்பாரும் உண்டு. வழிகாட்டல், முகவரி, போக்குவரத்து ஆகியவற்றில் அவர்கள் போட்டியிடட்டும். நாட்டின் எல்லைக்கோடு வியாபாரச் சரக்காக இருக்கக் கூடாது. ஒரு பள்ளி மாணவி தன் செயல்திட்டத்துக்கு அதைப் பயன்படுத்த எவரிடமும் உரிமம் கேட்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும்.

நாட்டின் வெளி எல்லையைவிட உள் எல்லைகள்தாம் அடிக்கடி மாறுகின்றன, அங்கேதான் அன்றாடக் குழப்பம் அதிகம். 2019 அக்டோபர் 31 அன்று ஜம்மு காஷ்மீர் இரண்டு ஒன்றியப் பகுதிகளானது. இரண்டு நாளில் புதிய அதிகாரபூர்வ வரைபடம் வந்தது. அதற்கு முன் எழுதப்பட்ட ஒவ்வொரு நிரலும் அன்றே பழையதாகிப் போனது. தமிழ்நாட்டில் 2019 தொடக்கம் வரை 32ஆக இருந்த மாவட்டங்கள் மயிலாடுதுறையோடு 38 ஆயின. தில்லியில் 2022 மே மாதம் மூன்று மாநகராட்சிகள் மீண்டும் ஒன்றாகி, வார்டுகள் 272இலிருந்து 250 ஆகக் குறைந்தன. நோய்ப் பரவலையோ வாக்கு விவரத்தையோ காற்று மாசையோ வட்டாரவாரியாக வண்ணமிட்டுக் காட்டுகிற எந்த வரைபடமும் எந்தத் தேதியின் கோட்டின் மேல் நிற்கிறது என்று சொல்லாவிட்டால் அதை நம்ப முடியாது. இந்த வேலையை இப்போது டேட்டாமீட் போன்ற தன்னார்வக் குழுக்கள் பொறுமையாகச் செய்கின்றன. அவர்களுடைய உழைப்புக்கு நன்றி சொல்வதோடு நிறுத்திவிடுவது அரசுக்கு அழகல்ல. தொகுதி மறுவரையறை பற்றிய விவாதம் சூடாக இருக்கும் நேரத்தில், எந்தக் கோடு எந்த நாளில் எந்த ஆணையால் மாறியது என்பது கோட்டோடு சேர்ந்தே வரவேண்டிய விவரம்.

இப்படி எல்லையை எண்களாகவும் வரையும் விதிகளாகவும் எழுதுவது நம் அரசுக்குப் புதிதா என்றால், இல்லை. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான எல்லை ஒப்பந்தம் 1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் 28 அன்று புதுதில்லியிலும் கையெழுத்தானது. கச்சத்தீவை முன்னிட்டு அதன் நியாயம் குறித்துத் தமிழ்நாட்டில் இருக்கும் மனக்கசப்பு வேறு விவாதம். ஆனால், ஆவணமாகப் பார்த்தால் அதன் எழுத்து முறை கவனத்துக்குரியது. எல்லை எங்கே போகிறது என்பதை அது வார்த்தைகளால் வர்ணிப்பதில்லை. ஆறு இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்து, அவற்றைப் பூமியின் பெருவட்ட வில்களால் இணைக்க வேண்டும் என்று சொல்கிறது. தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கும் கோடு அந்த வில்லிலிருந்து, இவ்வளவு குறுகிய தூரத்தில் சிறிதளவே என்றாலும், விலகும் என்று எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். ராமேசுவரத்து விசைப்படகின் ஜிபிஎஸ் திரையில் தெரியும் எல்லை அந்த எண்களிலிருந்து வரையப்படுவதுதான்; கடலில் அதற்கு வேறு அடையாளம் கிடையாது. இருபது கிலோமீட்டரை நானூறு பிக்ஸலில் காட்டும் திரையில் மூன்று பிக்ஸல் தடிமனுள்ள கோடு 150 மீட்டர் தண்ணீரை மூடிக்கொள்ளும். கைதாகும் ஒருவருக்கு அந்த 150 மீட்டரில் தன் படகு எந்தப் பக்கம் நின்றது என்பதே வழக்கு. கோட்டின் நடுவா, ஓரமா, எந்தப் பெரிதாக்கத்தில் எவ்வளவு தடிமன் என்று அந்தக் கருவிகளுக்கு இன்னும் ஒரு பொதுவரைமுறை தேவைப்படுகிறது. புள்ளிகளை 1974லேயே எழுதிவிட்டார்கள். வரையும் முறையை எழுத வேண்டிய இடம் அறிவியல் தொழில்நுட்பத் துறை.